நாலு விரல்

முட்டத்துக்குப் படம் பிடிக்க வந்தவர்கள்
கதாநாயகி உயரத்துக்கு ஓர் ஆள் தேடினார்கள்.
ஏலக்கூடத்தில் சாளைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னைச்
சுவரோடு நிறுத்தி அளந்தார்கள்.
ஐந்தடி நாலு அங்குலம். சரி.
நாளுக்கு எண்ணூறு ரூபாய், மத்தியானச் சோறு.
வேலை, நிற்பது.
பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு போனேன்.

கதாநாயகன் உயரத்துக்கு
ஐஸ் கம்பெனி டெல்வின்.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாத
அமோனியா வாடை.

காட்சியை உதவி இயக்குநர் சொன்னார்:
அவள் கொலைகாரி. அது அவனுக்குத் தெரியும்.
தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
ஆனாலும் முத்தமிடப் போகிறார்கள்.
"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா.
நாலு விரல் இடம் விட்டு நில்லுங்க,
நாங்க லைட்டைச் சரிபண்ணுற வரைக்கும்."

தரையில் எங்கள் பாதங்களுக்குச் சிவப்பு டேப்.
என் விலாவில் ரப்பர் துப்பாக்கி.
என் இடதுகை அவன் சட்டைப்பையில்,
சாவியைத் திருடும் பாவனையில்.
சாவி இல்லை அங்கே.
நாலாக மடித்த கேரளா லாட்டரிச் சீட்டு ஒன்று,
அதற்குப் பின்னால்
அலையில் ஏறத் திணறும் வள்ளத்து எஞ்சின்.

ஒருவன் லென்ஸிலிருந்து அளவு நாடாவை இழுத்து
என் கண்மணி வரைக்கும் கொண்டுவந்தான்.
"ஆறடி ரெண்டு."
பிறகு டெல்வினின் காது வரைக்கும்.
"ஆறடி ஒண்ணு."
எங்கள் இருவருக்கும் நடுவே இருந்ததை
அவன் அளக்கவில்லை.

ஜன்னல் சட்டங்களின் நிழல்
வரிவரியாக என் முகத்தில் விழ வேண்டுமாம்.
கூட்டினார்கள். குறைத்தார்கள்.
கருப்புத் துணியைக் கட்டி, அவிழ்த்து,
மறுபடி கட்டினார்கள்.
நாற்பது நிமிஷம்.
வெளியே ஆடிக் கடல்
பாறையோடு வழக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"மூச்சு விடட்டா?" என்றான், உதடு அசையாமல்.
"விடண்டாம்" என்றேன்.
விட்டான், என் கழுத்துக்குழியில்.

கேமரா ஓடவில்லை.
ஆகவே எதுவும் நடக்கவில்லை.

நடிகை வந்தார், குடைக்குக் கீழே,
அவிழ்த்துவிட்ட கூந்தலோடு.
எங்கள் சூடு ஆறாத டேப்பில் ஏறி நின்று
ஏழே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்.
எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
டெல்வின் எட்டப் போய், படகு ஓரம்,
கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.
துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க மறந்து
இடுப்பில் வைத்திருந்தான்.
ஒரு பையன் ஓடி வந்து பிடுங்கிப் போனான்.

மறுவருஷம் நாகர்கோவிலில் படம் வந்தது.
கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தார் ததேயு.
அந்தி ஏலம் முடிய நேரமானதால்
இரண்டாம் ஆட்டம், நடு வரிசை.

அந்த இடம் வந்தது.
நெருங்கினார்கள்.
உதடுகளுக்கு ஒரு நூல் இருக்கையில்
கேமரா அவர்களை விட்டுவிட்டுச்
சுவர்ப்பக்கம் நகர்ந்தது.
சுவரில் இரண்டு நிழல்.
பெண் நிழலுக்குக் கொண்டை.
கொண்டையில், சாய்வாக,
ஒரு பென்சில்.

நாலு விரல் இல்லை அங்கே.
ஒரு விரல்கூட இல்லை.

"என்னமா நடிச்சிருக்கா" என்றார் ததேயு,
பாப்கார்னை என் பக்கம் நீட்டி.
"ம்" என்றேன்.
என் கை தானாகத் தலைக்குப் போனது.
ஏலத்திலிருந்து அப்படியே வந்திருந்தேன்.
இருட்டில் உருவினேன்.
வியர்த்த விரல்களில் நிற்காமல் நழுவி விழுந்தது.

ஆறு பக்கம் உள்ள பென்சில்.
சரிவான தரை.
டக், டக், டக் என்று
ஒவ்வொரு வரிசையாக இறங்கிப் போயிற்று.
திரையில் யாரும் பேசவில்லை,
பின்னணி இசைகூட இல்லை.
ததேயு மெல்வதை நிறுத்தினார்.

முன்னால் எங்கேயோ
ஒரு செருப்பு அதை மிதித்து நிறுத்தியது.
லேசாக அமோனியா வாடை அடித்ததா,
அடித்ததாக நினைத்தேனா.

இடைவேளைக்கு
இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.